றிப்போட் வரும்வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது எனக்கு 39 வயது. 12 ஆம் கிழமையில் ஒரு ஸ்கானும் இரத்தப் பரிசோதனையும், 16 ஆம் கிழமையில் கொழும்புக்குப் போய் ஓர் ஊசி (வயிற்றுக்குள் விட்டு, பிள்ளையைச் சுற்றியுள்ள நீரைச் சோதனைக்கு எடுப்பது), பிறகு பதினேழு நாள் காத்திருப்பு. அந்தக் கதை யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான கோண்டாவில் முழுக்கத் தெரிந்துவிட்டதால், யாருக்காவது ஸ்கானில் ஏதும் சொன்னால் இப்போதெல்லாம் எனக்குத்தான் முதல் கோல் வருகிறது. நான் டொக்டர் இல்லை, கணக்குப் படிப்பிக்கிறவள். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். மருந்து மாத்திரை பற்றிய முடிவை உங்கள் கிளினிக்கில்தான் எடுக்கவேண்டும்.

கிளினிக் கார்டில் "ஹை ரிஸ்க்" என்று எழுதிவிட்டார்கள். பிள்ளைக்கு ஏதோ இருக்கிறதா?

உங்களை அடிக்கடி பார்க்கவேண்டும் என்பதுதான் அதன் பொருள். வயது 35ஐத் தாண்டியிருந்தாலும், முந்திய பிள்ளை சிசேரியன் என்றாலும், இரட்டைப் பிள்ளை, பிரஷர், நீரிழிவு, இருதய வருத்தம், இரத்தம் குறைவு என்று எது இருந்தாலும் அந்தச் சொல் விழும். எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரை நாங்கள் மிட்வைஃப் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். நான் கார்டைப் பார்த்து அழுதபோது அவர் சொன்னார்: "அது உங்களுக்கு எழுதினது இல்லை ரீச்சர், எங்களுக்கு எழுதினது."

1:85 என்று வந்திருக்கிறது. இது என்ன கணக்கு?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் பயமெல்லாம் இந்த இலக்கத்தில்தான் தொடங்குகிறது.

11 கிழமைக்கும் 13 கிழமை 6 நாளுக்கும் இடையில் எடுக்கும் ஸ்கானில் பிள்ளையின் பிடரித் தோலுக்குக் கீழே உள்ள நீர்ப்படலத்தின் தடிப்பை அளக்கிறார்கள். தாயின் இரத்தத்தில் இரண்டு பொருட்களின் அளவைப் பார்க்கிறார்கள். இவற்றோடு தாயின் வயதையும் போட்டு கணினி ஒரு விகிதம் தருகிறது. வயதை மட்டும் வைத்துப் பார்த்தால் டவுன் சின்ட்ரோமுக்கான (கலத்தில் 21 ஆம் நிறமூர்த்தம், அதாவது குரோமோசோம், ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் பிறவி நிலை) வாய்ப்பு 25 வயதில் ஏறக்குறைய 1250 இல் ஒன்று, 35 இல் 350 இல் ஒன்று, 40 இல் 100 இல் ஒன்று. ஸ்கானும் இரத்தமும் அந்த இலக்கத்தை மேலேயோ கீழேயோ தள்ளும்.

எனக்கு வந்தது 1:85. முடிவைக் கேட்க ஒரு தனியார் ஆய்வுகூடத்துக்கு எடுத்தேன். மறுமுனையில் இருந்த பிள்ளை "பொசிட்டிவ் அக்கா" என்று சொல்லி வைத்துவிட்டது. அன்றிரவு 85 என்ற இலக்கம் எனக்கு 85 சதவீதம் மாதிரித்தான் தெரிந்தது. கணக்கு ரீச்சருக்கே இந்த நிலை! விடியப்புறம் எழும்பி மகனின் கட்டம் போட்ட கணக்குக் கொப்பியை எடுத்து, 85 கட்டத்துக்குப் புள்ளி வைத்தேன். ஒன்று சிவப்பு, 84 நீலம். என்னைப் போல் இதே றிப்போட்டோடு 85 தாய்மார் நின்றால், 84 பேரின் பிள்ளைக்கு டவுன் சின்ட்ரோம் இல்லை. நூற்றுக்கு 1.2.

பிறகு ஏன் "பொசிட்டிவ்"? எங்கேயோ ஒரு கோடு கிழிக்கவேண்டும். சில இடங்களில் 1:150, சில இடங்களில் 1:250. வாய்ப்பு அந்தக் கோட்டைவிடக் கூடினால் அடுத்த பரிசோதனையைப் பற்றிக் கதைப்பார்கள். இது வடிகட்டல் மட்டும்தான். வருத்தம் இருக்கிறதா இல்லையா என்று இந்தப் பரிசோதனையால் சொல்லவே முடியாது.

அப்படியென்றால் "நெகட்டிவ்" வந்தாலும் நம்பேலாதோ?

நம்பலாம், முழுக்க இல்லை. இந்தச் சோதனை டவுன் சின்ட்ரோம் உள்ள நூறு பிள்ளைகளில் 85 இலிருந்து 90 பேரைத்தான் பிடிக்கும். இருதயம், முள்ளந்தண்டு, சிறுநீரகம் எல்லாம் எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதைப் பார்க்கத்தான் 18 முதல் 22 கிழமைக்குள் இன்னொரு ஸ்கான்.

தாயின் இரத்தத்திலேயே பிள்ளையின் டிஎன்ஏ பார்க்கலாமாம். அதைச் செய்தால் ஊசி தேவையில்லையா?

என்ஐபிடி என்று சொல்வது அதைத்தான். 10 ஆம் கிழமையிலிருந்து செய்யலாம். தாயின் இரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏ துணுக்குகளை எடுத்துப் பார்க்கிறார்கள். டவுன் சின்ட்ரோமை நூற்றில் 99க்கு மேல் கண்டுபிடிக்கும், பிழையாகப் பயமுறுத்துவதும் மிகக் குறைவு. நல்ல சோதனைதான். ஆனால் அவற்றில் பிள்ளைப் பக்கத் துணுக்குகள் வருவது நச்சுக்கொடியிலிருந்து. அபூர்வமாக நச்சுக்கொடியில் இருப்பது பிள்ளையில் இருக்காது. அதனால் அதில் ஏதும் தெரிந்தால் ஊசி போட்டு உறுதி செய்யத்தான் வேண்டும். ஸ்கானிலேயே பிடரி நீர் 3.5 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் என்றாலோ, உறுப்பில் குறை தெரிந்தாலோ, இதில் நாளைக் கடத்தாமல் நேரே ஊசிக்குப் போகச் சொல்வது வழக்கம்.

இங்கே இது காசு கட்டிச் செய்வது. பல நிறுவனங்கள் இரத்தத்தை வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதால் ஒன்று, இரண்டு கிழமை போகும். சிலவேளை "முடிவு சொல்ல முடியவில்லை, திரும்ப இரத்தம் தாருங்கள்" என்றும் வரும். பிள்ளைப் பக்க டிஎன்ஏ நூற்றுக்கு 4 அளவிலாவது இருந்தால்தான் கணக்கு நம்பகமாக வரும். தாயின் நிறை கூடினால் அந்தப் பங்கு குறையும்.

வயிற்றில் ஊசி போட்டால் பிள்ளை கலைந்துவிடும் என்கிறார் மாமி.

மாமி சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. பழைய புத்தகங்களில் நூற்றுக்கு ஒன்று என்று இருக்கும். இப்போது கை பழகினவர் செய்தால் ஊசியால் கூடுதலாக வரும் ஆபத்து நூற்றுக்கு அரைக்கும் குறைவு என்கிறார்கள். 15 ஆம் கிழமைக்கு முன் பன்னீர்க்குடத்து ஊசி போடுவதில்லை. அதற்கு முந்தியே வேண்டுமென்றால் நச்சுக்கொடியிலிருந்து துணுக்கு எடுக்கும் முறை வேறாக இருக்கிறது.

எனக்குக் கொழும்பில் செய்தார்கள். இரவு பஸ்ஸில் 400 கிலோமீற்றர், விடிய வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் இறங்கி, பத்து மணிக்குப் படுக்கை. ஸ்கானில் பிள்ளை எங்கே கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியை விட்டார்கள். இரத்தம் எடுக்கும் வலிதான், அதோடு அடிவயிற்றில் ஒரு இறுக்கம். எடுத்த நீர் ஒரு தேத்தண்ணிக் கோப்பையின் அடியை மூடும் அளவு, 15 அல்லது 20 மில்லிலீற்றர். இளநீரைவிடக் கொஞ்சம் மஞ்சள். அதற்குள் என் பிள்ளையின் கலங்கள் மிதக்கின்றன என்று டொக்டர் சொன்னபோதுதான் முதல்தடவை எனக்குப் பயத்தைவிட வியப்புக் கூடியது.

இரண்டு நாள் அக்கா வீட்டிலேயே நின்றுவிட்டுத்தான் திரும்பினேன், நீங்களும் அன்றிரவே பஸ் ஏறாதீர்கள். நீர் கசிந்தால், இரத்தம் பட்டால், காய்ச்சல் குளிர் வந்தால், வலி விடாமல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. உங்கள் இரத்த வகை நெகட்டிவ் என்றால் அதை முதலே சொல்லுங்கள். ஊசிக்குப் பிறகு 72 மணித்தியாலத்துக்குள் அன்ரி-டி (பிள்ளையின் இரத்தத்துக்கு எதிராக உங்கள் உடல் எதிர்ப்புப் பொருள் உண்டாக்காமல் தடுக்கும் மருந்து) போடவேண்டியிருக்கும்.

ஒரு துளி நீரைப் பார்க்க ஏன் இவ்வளவு நாள்?

கலங்களை வளர்க்கவேண்டும், அதனால்தான். மனிதக் கலத்தில் 46 நிறமூர்த்தங்கள், 23 சோடி. கலம் பிரியும் நேரத்தில்தான் அவை எண்ணக்கூடிய வடிவத்துக்கு வரும். எடுத்த நீரில் உயிருள்ள கலங்கள் கொஞ்சம்தான், அவற்றை ஊட்டி வளர்த்து, பிரியும் தறுவாயில் நிறுத்தி, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியில் எண்ணுகிறார்கள். இரண்டு மூன்று கிழமை அதற்குத்தான். பயிர் முளைக்கிற மாதிரி, அவசரப்படுத்தி ஆகாது.

21, 18, 13 ஆம் நிறமூர்த்தங்களை மட்டும் விரைவாகப் பார்க்கும் முறையும் உண்டு. அது மூன்று வேலை நாள் அளவில் வரும். ஊசிக்கு முந்தியே கேளுங்கள்: விரைவு முடிவு கிடைக்குமா, முழு முடிவு எந்தத் திகதி, யார் எடுத்துச் சொல்வார்கள், போயா விடுமுறை இடையில் வருகிறதா. இதைக் கேட்காமல் விட்டதால் பதினேழு நாளும் நான் ஒவ்வொரு கோலுக்கும் துள்ளினேன், ரீலோட் கடைக்காரன் எடுத்தபோதுகூட.

இந்த நாட்டில் கலைக்கவே சட்டம் இடம் கொடுக்காது. பிறகு எதற்கு இந்தச் சோதனை?

இதைக் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். இலங்கையின் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303 ஆம் பிரிவுப்படி தாயின் உயிரைக் காப்பாற்ற என்றால் மட்டும்தான் கருவைக் கலைக்கலாம். பிள்ளைக்கு எவ்வளவு பெரிய குறை இருந்தாலும் அது காரணமாகாது. வெளிநாட்டு இணையப் பக்கங்களில் "முடிவு வந்ததும் தீர்மானியுங்கள்" என்று எழுதியிருப்பது இங்கே பொருந்தாது.

அப்படி இருந்தும் நான் செய்தேன். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இருதயத்தில் குறை இருக்கும். முதலே தெரிந்தால் வயிற்றில் இருக்கும்போதே இருதய ஸ்கான், குழந்தைகள் வைத்தியர் பக்கத்தில் இருக்கிற இடத்தில் பிரசவம், பிறந்த முதல் நாளிலிருந்தே கவனிப்பு. சிறுகுடலில் அடைப்பு இருந்தால் முதல் பால் கொடுக்கும் முன்னே தெரிந்திருக்கவேண்டும். இவை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எனக்குத் தெரியாமல் இருப்பது தாங்கேலாது.

என் தங்கைக்கு நேரெதிர். "என்ன பிள்ளை வந்தாலும் என் பிள்ளை, எனக்கு ஊசி வேண்டாம்" என்றாள். அதுவும் சரியான முடிவுதான். வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, அதற்காக யாரும் கிளினிக்கில் உங்களைக் குறைவாக நடத்தக்கூடாது. எங்கள் ஒழுங்கையில் டவுன் சின்ட்ரோம் உள்ள ஒரு தம்பி இருக்கிறான். பின்னேரம் கடையில் பாண் வாங்க வருவான், மிச்சக்காசை எண்ணாமல் படி இறங்கமாட்டான். நான் காத்திருந்த நாட்களில் அவனை மதிலுக்கு மேலால் அடிக்கடி பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

20 கிழமை ஸ்கானில் "இருதயத்தில் வெள்ளைப் பொட்டு" என்று எழுதியிருக்கு.

இந்த ஒரு வரிக்காக எத்தனை பேர் இரவில் அழுதிருக்கிறார்கள்! அது இருதயத் தசையில் கொஞ்சம் பளிச்சென்று தெரியும் புள்ளி. நல்ல சுகமான பிள்ளைகளிலும், அதிலும் ஆசியப் பிள்ளைகளில், அடிக்கடி தெரிவது. இருதயம் வேலை செய்வதை அது தடுப்பதில்லை. மூளையில் தெரியும் சின்ன நீர்க்கட்டியும் அப்படித்தான், பெரும்பாலும் 28 ஆம் கிழமைக்குள் தானாக மறைந்துவிடும். தனியே இது மட்டும்தானா, வேறு ஏதும் சேர்ந்து இருக்கிறதா என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

சீனித்தண்ணி குடித்துப் பார்க்கும் சோதனையில் ஒரு இலக்கம்தான் கூட. அதுவும் கணக்கா?

கணக்குத்தான். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கும் அந்தச் சோதனையில் இரத்தச் சீனி வெறுவயிற்றில் 92, ஒரு மணித்தியாலத்தில் 180, இரண்டில் 153 (டெசிலீற்றருக்கு மில்லிகிராம்). இந்த எல்லைகளில் ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகால நீரிழிவு என்று எடுப்பார்கள். நல்ல செய்தி, காத்திருக்கும் நேரத்திலேயே நீங்கள் ஏதாவது செய்யக்கூடிய வருத்தம் இது. வெள்ளை இடியப்பத்தில் இரண்டைக் குறைத்து, குரக்கன் புட்டு, முருங்கையிலைச் சுண்டல், மீன். கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலத்தில் இந்த றிப்போட் வந்தவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

நாங்கள் சொந்த மச்சான் மச்சாள். இரத்தத்தில் "தலசீமியா பார்க்கவும்" என்று வந்திருக்கு.

சிவப்பணு சின்னதாக இருந்தால் அப்படி எழுதுவார்கள். இரும்புச்சத்துக் குறைந்தாலும் அதேதான் தெரியும். தலசீமியா பரம்பரையாக வரும் இரத்த வருத்தம். தாய் அதன் காவி (தனக்கு வருத்தம் இல்லாமல் அந்த மரபணுவைக் கொண்டவர்) என்று உறுதியானால் அன்றைக்கே கணவரின் இரத்தத்தையும் கொடுங்கள். இருவரும் காவி என்றால்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் கடும் தலசீமியா வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒருவர் மட்டும் என்றால் பிள்ளைக்கு அந்தக் கடும் வருத்தம் வராது.

சொந்தத்தில் செய்த கலியாணம் பற்றி: பொதுவாக எந்தப் பிள்ளைக்கும் பிறவிக் குறை இருக்க வாய்ப்பு நூற்றுக்கு 2, 3. அண்ணன் தங்கை பிள்ளைகள் கட்டியிருந்தால் ஏறக்குறைய இரட்டிப்பு. கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள். மிச்சம் 94 பேரும் இருக்கிறார்கள் என்பதையும் மறக்காதீர்கள்.

கிரகணத்தில் வெளியே போனேன். அதனாலா?

இல்லை. பப்பாப்பழத்தாலும் இல்லை, மோட்டார் சைக்கிளில் ஏறினதாலும் இல்லை, யாருடைய கண்ணூறும் இல்லை. கூடுதலாக ஒரு 21 ஆம் நிறமூர்த்தம் வருவது பெரும்பாலும் முட்டை உருவாகும்போது நடக்கும் தற்செயல். மிகச் சிறு பங்கினருக்குத்தான் அது பெற்றோர் வழியாக வரும். அதையும் நிறமூர்த்தப் படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

யாருக்குச் சொல்லலாம், யாருக்குச் சொல்லாமல் விடலாம்?

நான் பிழைவிட்ட இடம் இது. ஆய்வுகூடம் அந்த 1:85 றிப்போட்டை வைபரில் அனுப்பியது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். இவர் அதைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். அரைமணித்தியாலத்தில் கனடா மச்சாள் ஒன்று சொல்ல, லண்டன் சித்தி இன்னொன்று சொல்ல, மாமி சாமி அறையில் விளக்கேற்றிவிட்டா. டொக்டரைப் பார்க்கத் திங்கள்வரை இருக்கு! அந்த இரண்டு நாளில் எங்கள் வீட்டில் ஆறு பேர் வைத்தியர்கள்.

இப்போது நான் சொல்வது, வீட்டில் ஒருவர், வெளியில் ஒருவர் போதும். மற்றவர்களுக்கு "ஒரு சோதனை குடுத்திருக்கு, முடிவு வந்தால் நாங்களே சொல்லுறம்" என்ற ஒரே வசனம். கேட்கிற ஒவ்வொருவருக்கும் அதே வசனத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்ல, மூன்றாம் தரம் கேட்கமாட்டார்கள். வெள்ளி பின்னேரத்தில் றிப்போட் வரும் என்றால், திங்கள் காலை டொக்டருக்கு முன்னால் இருந்து திறப்பது என்று முதலே பேசி வையுங்கள்.

நேர்த்தி வைத்திருக்கிறேன். விரதம் பிடிக்கலாமா?

நேர்த்தி வையுங்கள். நான் நயினாதீவு அம்மனுக்கு வைத்தேன், பிள்ளைக்கு ஆறு மாதத்தில் வள்ளம் ஏறித் தீர்த்தும்விட்டேன். ஆனால் பட்டினியை நேர்த்தியில் சேர்க்காதீர்கள், அதுவும் சீனி, பிரஷர் உள்ளவர்கள். கந்தசஷ்டியை அடுத்த வருடத்துக்குத் தள்ளினால் முருகன் கோபிக்கமாட்டார். நல்லூர்க் கொடியேறினால் 25 நாளும் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. அந்த நாட்களில் பயறு, கௌபி, உழுந்து, பால், தயிர் என்று நானே கணக்குப் பார்த்துத்தான் சாப்பிட்டேன்.

இரவில் நித்திரையே இல்லை.

எனக்கும் வரவில்லை. மூன்று மணிக்குக் கூகிளில் தேடுவதை நிறுத்தியது ஓரளவு உதவியது. ஃபோனை இவர் தன் பக்கத்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். பின்னேரத்தில் வாழைக்குத் தண்ணி மாறியது அதைவிட உதவியது. சாப்பாடும் நித்திரையும் ஒரு கிழமைக்கு மேல் குழம்பினால், பிள்ளையோடு ஒட்டவே மனம் வராவிட்டால், மிட்வைஃப் மிஸ்ஸிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

றிப்போட் வரட்டும் என்று பார்க்காமல் உடனே போகவேண்டியது எதற்கு?

இரத்தம் படுதல், பன்னீர் உடைதல், விடாத தலையிடி, கண் மங்குதல், நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குதல், வலிப்பு. பிரஷர் 140க்கு 90ஐத் தொட்டால் அன்றைக்கே காட்டுங்கள். 28 கிழமைக்குப் பிறகு பிள்ளையின் துடிப்பு, அதாவது அசைவு, வழக்கத்தைவிடக் குறைந்தால், நாளைக்குக் கிளினிக்தானே என்று படுக்காதீர்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்புலன்ஸ், காசு கட்டத் தேவையில்லை. எத்தனை பெரிய நிறமூர்த்தக் கவலை இருந்தாலும் அந்த நிமிடம் இவைதான் முதல். எனக்கே கடைசியில் பிரச்சினை தந்தது பிரஷர்தான், அந்த ஊசி பார்த்த எதுவும் இல்லை. 35 ஆம் கிழமையில் சிசேரியன்.

கோல் வரும் நாளில் என்ன செய்வது?

பேனையும் கொப்பியும் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கட்டும். இது விரைவு முடிவா, முழு முடிவா? இனி மாற இடமிருக்கா? அடுத்து எந்த நாள், யாரிடம் வரவேண்டும்? எழுத்தில் எப்போது கிடைக்கும்? இவ்வளவையும் முதலே எழுதி வைத்து வாசியுங்கள், ஏனென்றால் முதல் வசனத்துக்குப் பிறகு காது எதையும் எடுக்காது. முடிந்தால் ஸ்பீக்கரில் போட்டு இன்னொருவரையும் கேட்க வையுங்கள்.

எனக்கு வந்தது ஒரு செவ்வாய் காலை பத்தேகாலுக்கு. திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன், இவர் தோட்டத்தில் நின்றார். அந்த 85 புள்ளி வைத்த அதே பக்கத்தைத்தான் திறந்து வைத்திருந்தேன், கேள்விகள் நாலும் மேலே வரிசையாக. ஒன்றையும் கேட்கவில்லை. புள்ளிகளுக்குக் கீழே "46" என்று எழுதியிருக்கிறேன், அந்த 6 ஓரத்தில் தேங்காய்ப்பூ ஒட்டி எண்ணெய் பிடித்திருக்கிறது.